.22 ரிம்ஃபயர் ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் துப்பாக்கி சுடப் பழக நினைக்கிறவர்கள் பலர் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாவைச் சுடும் ரைஃபிளில்தான் தொடங்குகிறார்கள். தோட்டாவின் அடிவிளிம்பில் ஊசி அடித்துத் தீப்பற்றும் இந்த வகைக்குத்தான் ரிம்ஃபயர் என்று பெயர். தோட்டா மலிவு, தோளில் உதை இல்லை, சத்தமும் குறைவு. ரைஃபிளை நாலு பேரிடம் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். ஸ்கோப் என்று வரும்போது மட்டும் தள்ளுபடியில் கண்ணில் பட்டதை மாட்டிவிட்டு, 50 கெஜத்தில் குண்டு ஏன் இப்படிச் சிதறுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சிதறலுக்குக் கண்ணாடியின் தரம் காரணமாக இருப்பது குறைவு. ரிம்ஃபயர் தூரத்துக்குப் பொருந்தாத பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது), ஒழுங்காக இறுகாத மவுண்ட் (ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கும், அதை ரைஃபிளில் இருத்தும் பேஸும்), இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும். இரண்டையும் சரியாகப் பார்த்துக்கொண்டால் 150 டாலர் ஸ்கோப்பே நன்றாக வேலை செய்யும். கோட்டைவிட்டால் 600 டாலர் போட்டாலும் அதே சிதறல்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒலிம்பிக் பாணி 50 மீட்டர் ரைஃபிள் போட்டிதான் உங்கள் நோக்கம் என்றால் ஸ்கோப் வாங்க வேண்டாம். ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி அந்தப் போட்டிகளில் தொலைநோக்கிக்கு இடமில்லை. துளை வழியே பார்க்கும் டயாப்டர் சைட்தான். இந்தியாவில் ரைஃபிள் கிளப்பில் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இங்கே புதிதாகத் தொடங்குகிறவர்கள்தான் ஸ்கோப்பை வாங்கிய பிறகு தெரிந்துகொள்கிறார்கள்.

1. எவ்வளவு தூரம், என்ன இலக்கு? ஒரு தாளில் எழுதுங்கள்

ஸ்கோப் பட்டியலைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். நீங்கள் போகிற ரேஞ்சில் என்ன தூரங்கள் இருக்கின்றன? உள்ளரங்க ரேஞ்ச் என்றால் பெரும்பாலும் 25 கெஜத்தோடு சரி. வெளி ரேஞ்ச் என்றால் 25, 50, 100. என்ஆர்எல்22 (.22 ரைஃபிளுக்கென்று நடக்கும் போட்டித் தொடர்) மாதிரிப் போட்டிகள் 100 கெஜத்துக்குள் முடிந்துவிடும். அதன் நீண்ட தூர வடிவமான என்ஆர்எல்22எக்ஸ் அதைத் தாண்டிப் போகும். அணில், முயல் வேட்டை என்றால் 20 முதல் 60 கெஜம்.

தூரம் ஏன் முதல் கேள்வி? .22 எல்ஆர் குண்டு மெதுவானது, சீக்கிரம் கீழே இறங்கும். 40 கிரெய்ன் எடையுள்ள குண்டு, நொடிக்கு 1,070 அடி வேகம் என்கிற வழக்கமான ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவை 50 கெஜத்தில் ஜீரோ செய்தால் (குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருப்பி வைத்தால்), 100 கெஜத்தில் சுமார் 7 அங்குலம் கீழே அடிக்கும். 200 கெஜத்துக்குக் குறியை 6.5 முதல் 7 மில் வரை ஏற்ற வேண்டும் (மில், எம்ஓஏ இரண்டும் கோண அலகுகள், 4இல் வருகின்றன). 300 கெஜத்துக்கு 12 மில், அதாவது 40 எம்ஓஏ தாண்டிவிடும். 25 கெஜத்தில் காகிதம் சுடுகிறவருக்கும் 200 கெஜத்தில் இரும்புத் தகடு அடிக்கிறவருக்கும் ஒரே ஸ்கோப் ஒத்துவராது.

.17 எச்எம்ஆர் (இன்னும் மெல்லிய, வேகமான ரிம்ஃபயர் தோட்டா) வைத்திருக்கிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 17 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,550 அடி வேகத்தில் போவதால் 100 கெஜத்தில் ஜீரோ செய்து 150 வரை தாராளமாகச் சுடலாம். அங்கே சரிவு 3 அங்குலம் அளவில்தான். அதற்கு 100 கெஜப் பேரலாக்ஸ் உள்ள சாதாரண 3–9 அல்லது 4–12 ஸ்கோப் போதும். கீழே வருவது பெரும்பாலும் .22 எல்ஆருக்கானது.

2. பேரலாக்ஸ்: ஏமாறுகிற இடம் இதுதான்

துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்புக்குப் பின்னால் தலையை மட்டும் லேசாக இடம் வலம் நகர்த்துங்கள். குறுக்குக்கம்பி இலக்கின் மேல் நகர்வது தெரிந்தால் அதுதான் பேரலாக்ஸ். பள்ளி இயற்பியலில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்த அதே சங்கதி. ஒவ்வொரு ஸ்கோப்பும் ஏதோ ஒரு தூரத்தில் மட்டும் இந்தப் பிழை இல்லாமல் இருக்கும்.

பெரிய ரைஃபிள்களுக்கான சாதாரண ஸ்கோப்களில் அந்தத் தூரத்தைத் தொழிற்சாலையிலேயே 100 அல்லது 150 கெஜம் என்று நிலைநிறுத்திவிடுகிறார்கள். ரிம்ஃபயர் என்று பெயர் போட்டு வருபவற்றில் 50 அல்லது 60 கெஜம். பெட்டியில் 'ரிம்ஃபயர்' என்ற சொல்லுக்கு உள்ள உருப்படியான அர்த்தம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் விளம்பரம்.

பிழை எவ்வளவு வரும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். இலக்குத் தூரத்துக்கும் பேரலாக்ஸ் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேரலாக்ஸ் தூரத்தால் வகுத்து, முன்கண்ணாடி விட்டத்தில் பாதியால் பெருக்குங்கள். 40 மி.மீ. கண்ணாடி, 100 கெஜப் பேரலாக்ஸ், 50 கெஜ இலக்கு: 20 × 0.5 = 10 மி.மீ. 25 கெஜ இலக்கு என்றால் 15 மி.மீ. இது கண் விளிம்புக்கே போய்விட்டால் வரும் உச்சப் பிழை. கன்னத்தை ஒரே இடத்தில் வைத்துச் சுடுகிறவருக்கு இதில் சிறு பங்குதான் வரும். ஆனால் புதிதாகச் சுடுகிறவர் கன்னம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்தான் உட்காரும். .22 குண்டின் விட்டமே 5.6 மி.மீ. ஐஎஸ்எஸ்எஃப் 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. 10 மி.மீ. பிழை என்றால் என்ன என்று இப்போது தெரியும்.

ஆகவே:

- 25, 50 கெஜத்தில் மட்டும் சுடுவீர்கள் என்றால், 50 கெஜத்துக்கு நிலைநிறுத்திய ரிம்ஃபயர் ஸ்கோப் போதும். எளிமையானது, இலேசானது, கெட்டுப்போக உறுப்பும் குறைவு.
- 25 முதல் 100 வரை மாறி மாறிச் சுடுவீர்கள் என்றால் பேரலாக்ஸ் திருப்பும் வசதி வேண்டும். முன்கண்ணாடி வளையத்தைத் திருப்புவதை ஏஓ என்பார்கள், இடப்பக்கக் குமிழ் என்றால் சைட் ஃபோகஸ். ஏஓ மலிவு, ஆனால் படுத்துச் சுடும்போது கை எட்டாது.
- விவரப் பட்டியலில் குறைந்தபட்சத் தூரத்தைப் பாருங்கள். சைட் ஃபோகஸ் இருக்கிறது என்று நம்பி வாங்கிவிட்டு, அது 50 கெஜத்தில்தான் தொடங்குகிறது என்று பிறகு பார்ப்பது சகஜம். ரிம்ஃபயருக்கு 10 கெஜம் நல்லது, 25 கெஜம் பரவாயில்லை.

ஏர்கன்னுக்கென்று வரும் ஸ்கோப்கள் 10 கெஜத்திலிருந்தே தெளிவாகக் காட்டுபவை. அவற்றை .22க்கு மாட்டலாம், நன்றாகவே பொருந்தும். தலைகீழாகச் செய்துவிடாதீர்கள். ஸ்பிரிங் ஏர்ரைஃபிளின் அதிர்வு முன்னும் பின்னும் அடிக்கும். அதைத் தாங்குவதற்கென்று செய்யப்படாத ரிம்ஃபயர் ஸ்கோப் உள்ளே உடைந்துபோகும்.

குமிழில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 50 என்று போட்ட இடத்தில் உண்மையில் 44 ஆகவோ 60 ஆகவோ இருக்கலாம். தலையை அசைத்துப் பார்த்து, கம்பி நகராத இடத்தில் நிறுத்துங்கள். அதற்கும் முன்னால் கண்பக்க வளையத்தைச் சரிசெய்திருக்க வேண்டும்: வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ (சூரியன் பக்கம் போகாமல்) இரண்டு மூன்று நொடி மட்டும் பார்த்து, கம்பி பளிச்சென்று தெரியும்வரை திருப்புங்கள். நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் கண் தானாகவே ஈடுசெய்துகொண்டு உங்களை ஏமாற்றும். இந்த வரிசை மாறினால் பேரலாக்ஸ் குமிழ் எந்தக் காலத்திலும் சரியாக நிற்காது.

3. உருப்பெருக்கம்: தேவைக்கு மேல் வாங்காதீர்கள்

2–7×32 என்றால் 2 முதல் 7 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி விட்டம் 32 மி.மீ. வேட்டைக்கும் பொழுதுபோக்குச் சுடுதலுக்கும் 2–7×32 அல்லது 3–9×40. காகித இலக்குக்கு 4–12. என்ஆர்எல்22 மாதிரிப் போட்டிக்கு 4–16 அல்லது 6–24. மேசையில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் 36 மடங்கு நிலையான ஸ்கோப் வைத்திருப்பார்கள். அது வேறு உலகம்.

பெரிய எண் ஏன் தொல்லை? 2 மடங்கில் 100 கெஜத்தில் 40 அடி அகலம் தெரியும். 25 கெஜத்தில் அதே 10 அடி. 9 மடங்கில் 25 கெஜத்தில் சுமார் 3 அடிதான். மரத்தில் தாவுகிற அணிலை அந்த 3 அடிக்குள் கண்டுபிடிப்பதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்.

வெளிச்சமும் குறையும். முன்கண்ணாடி விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்: 32 ÷ 7 = 4.6 மி.மீ., 50 ÷ 24 = 2.1 மி.மீ. அந்த 2 மி.மீ. கற்றைக்குள் கண்ணைக் கொண்டுபோய் நிறுத்துவதே புதியவருக்குப் பெரிய வேலை. எடையும் இருக்கிறது. ரூகர் 10/22 கார்பைன் 5 பவுண்ட். அதன் தலையில் 2 பவுண்ட் ஸ்கோப்பை ஏற்றினால் கையில் பிடித்துச் சுடவே முடியாது.

4. கம்பி, கிளிக், டரட்

டரட் என்பது குறியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தத் திருப்பும் குமிழ்; அதன் ஒரு படி ஒரு கிளிக். ஒரு எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம், 50 கெஜத்தில் அதில் பாதி. கால் எம்ஓஏ கிளிக் 50 கெஜத்தில் குண்டை எட்டில் ஒரு பங்கு அங்குலம் நகர்த்தும். 0.1 மில் கிளிக் 100 மீட்டரில் சரியாக 1 செ.மீ., 100 கெஜத்தில் 0.36 அங்குலம். எது உசத்தி என்ற சண்டையில் இறங்க வேண்டாம். உங்கள் ரேஞ்சில் கூடச் சுடுகிறவர்கள் எதைப் பேசுகிறார்களோ அதை வாங்குங்கள்; பக்கத்தில் இருப்பவர் "பாயிண்ட் மூணு மேல" என்று சொன்னால் மனக்கணக்குப் போடாமல் திருப்ப முடிய வேண்டும். கம்பியும் டரட்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். கம்பி மில், டரட் எம்ஓஏ என்று கலந்து வருகிற பழைய மாடல்கள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. தொடாதீர்கள்.

அடுத்த வலை, சரிவுப் புள்ளிகளோடு வரும் பிடிசி கம்பி. '.22 எல்ஆருக்கென்றே அமைத்தது' என்று விற்பார்கள். எந்தத் தோட்டாவுக்கு? பெரும்பாலும் நொடிக்கு 1,200 அடிக்கு மேல் போகும் ஹைவெலாசிட்டிக்கு. நீங்கள் 1,070 அடி ஸ்டாண்டர்டைச் சுட்டால் 100 கெஜப் புள்ளி ஓர் அங்குலத்துக்கு மேல் தப்பும். அளவுகள் குறித்த சாதாரண மில் அல்லது எம்ஓஏ கம்பி எந்தத் தோட்டாவுக்கும் பயன்படும்.

கம்பி முன்தளத்தில் இருக்கிறதா (உருப்பெருக்கத்தோடு கம்பியும் பெரிதாகும்), பின்தளத்தில் இருக்கிறதா (கம்பி ஒரே அளவில் நிற்கும்) என்றும் பாருங்கள். பின்தளம் என்றால் கம்பியின் அளவுகள் ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். 12 மடங்கில் 2 மில் காட்டும் கோடு, 6 மடங்குக்கு இறக்கினால் 4 மில் ஆகிவிடும். முன்தளத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் குறைந்த உருப்பெருக்கத்தில் கம்பி மயிரிழையாக மெலிந்து, நிழலான காட்டில் கண்ணுக்கே தெரியாது. போட்டிக்கு முன்தளம், வேட்டைக்குப் பின்தளம்.

200 கெஜத்துக்கு மேல் ஆசை இருந்தால் டரட்டின் மொத்த ஏற்ற இறக்க அளவைப் பாருங்கள். மொத்தம் 60 எம்ஓஏ என்று போட்டிருந்தால், நடுவிலிருந்து மேலே 30தான் உங்களுக்கு. 200 கெஜத்துக்கே 22 முதல் 24 வரை போய்விடும். 20 எம்ஓஏ சரிவு கொண்ட பேஸை மாட்டினால் கீழே வீணாகக் கிடக்கும் பாதி மேலே வந்து உதவும். 100 கெஜத்தைத் தாண்டாதவருக்கு அது தேவையே இல்லை.

5. உங்கள் ரைஃபிளின் தலையைப் பாருங்கள்

ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு ரிங் வாங்குவது வழக்கம். ரிம்ஃபயரில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் ரைஃபிளுக்கு ரைஃபிள் பிடிமானம் வேறு.

மார்லின் 60 மாதிரி அமெரிக்க .22களின் ரிசீவரில் (போல்ட் ஓடும் உடற்பகுதி) நேராகவே வெட்டிய பள்ளம் இருக்கும். அது 3/8 அங்குல டவ்டெயில். சிஇசட் 457இல் இருப்பது 11 மி.மீ. டவ்டெயில். இரண்டும் ஒன்றுதான் என்று கடையில் சொல்வார்கள். 3/8 அங்குலம் என்பது 9.5 மி.மீ. சில ரிங்குகள் இரண்டையும் பிடிக்கும்; சில விளிம்பில் மட்டும் கவ்விக்கொண்டு, சுடச்சுடப் பின்னால் நகரும். ரிங் பெட்டியில் உங்கள் ரைஃபிளின் பெயரோ அதன் பள்ளத்தின் அளவோ தெளிவாக இருக்க வேண்டும். ரூகர் 10/22இல் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். வீவர் (குறுக்குப் பள்ளங்கள் உள்ள தண்டவாளப் பிடிமானம்), டவ்டெயில் இரண்டு வகை ரிங்கையும் ஏற்கும் பேஸ் ரைஃபிள் பெட்டியிலேயே வரும். தனியாக வாங்குவதற்கு முன் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். சேவேஜ் மார்க் II வகைக்கு வீவர் பாணி பேஸ்.

வீவரும் பிகாட்டினியும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். வீவர் பள்ளம் 0.180 அங்குலம், பிகாட்டினி 0.206. வீவர் ரிங் பிகாட்டினியில் உட்காரும். பிகாட்டினி ரிங்கின் குறுக்குக் கட்டை வீவர் பள்ளத்துக்குள் இறங்காது.

பிறகு உயரம். முன்கண்ணாடிப் பகுதியின் வெளிவிட்டத்தை அளந்து பாதியாக்குங்கள். 40 மி.மீ. கண்ணாடிக்கு வெளிவிட்டம் 47 மி.மீ. அளவில் இருந்தால் பாதி 23.5. குழலுக்கும் அதற்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். இடிக்காத அளவில் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது, கன்னம் கட்டையில் படியும். ரிங் நிறுவனங்கள் உயரத்தை ஒரே மாதிரி அளப்பதில்லை: சிலர் பேஸிலிருந்து ரிங்கின் மையம் வரை, சிலர் ஸ்கோப் குழாய் உட்காரும் ரிங்கின் உள் அடிவிளிம்பு வரை. 'லோ', 'மீடியம்' என்ற பெயர்களை விட்டுவிட்டு, எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று படியுங்கள்.

போல்ட் ரைஃபிள் என்றால் இன்னொரு சோதனை உண்டு. போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்கோப்பின் கண்பக்கத்தில் இடிக்கிறதா? சிஇசட் 457இல் கைப்பிடி 60 டிகிரிதான் ஏறும், பிரச்சினை குறைவு. அதற்கு முந்தைய 455இல் 90 டிகிரி. பழைய ரைஃபிளை வாங்கியவர்கள் தாழ்ந்த ரிங் எடுப்பதற்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்கோப் குழாயின் விட்டமும் ரிங்கும் பொருந்த வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை: 1 அங்குலம் (25.4 மி.மீ.) அல்லது 30 மி.மீ.

6. மொத்தச் செலவு

ஸ்கோப்பின் விலையை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போடாதீர்கள். நல்ல ரிங் 30 முதல் 60 டாலர், பேஸ் தேவைப்பட்டால் 30 முதல் 50, திருகின் இறுக்கத்தை அங்குல-பவுண்டில் அளக்கும் டார்க் டிரைவர் 40 முதல் 60, சிறு ரசமட்டம் 20. ஜீரோ செய்யவும் எந்தத் தோட்டா ஒத்துவருகிறது என்று பார்க்கவும் நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி: 50 தோட்டா கொண்ட பெட்டி 5 டாலரில் தொடங்கி, மேட்ச் வகை 20 டாலர் வரை போகும். இதோடு மாநில விற்பனை வரி, டெக்சாஸில் 8.25 சதவீதம் வரை, நியூஜெர்சியில் 6.625 சதவீதம். 150 டாலர் ஸ்கோப் கையில் வந்து சேரும்போது 300 டாலரைத் தொட்டுவிடும்.

ஸ்கோப்பில் 50 முதல் 80 டாலர் வரை உள்ளவற்றில் கண்ணாடி சுமாராகத் தெரியலாம். ஆனால் கிளிக் திருப்பினால் சொன்ன அளவு நகராது, திரும்பக் கொண்டுவந்தால் பழைய இடத்துக்கு வராது. அந்தப் பணத்தில் நிலையான 4 மடங்கு ஸ்கோப் ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம். 100 முதல் 250 வரை உள்ள வட்டத்தில்தான் பெரும்பாலோருக்கு வேண்டியது இருக்கிறது: வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் II 2–7×32 ரிம்ஃபயர், லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் ரிம்ஃபயர், ஹாக் வான்டேஜ் ரிம்ஃபயர் போன்றவை. 300 முதல் 450 வரை போனால் 10 கெஜம் வரை ஃபோகஸ் ஆகும் 6–24×50 வகை வரும். அத்லான் ஆர்கோஸ் பிடிஆர், வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் டாக்டிகல் இரண்டும் அந்த ரகம். என்ஆர்எல்22 போட்டியில் 'பேஸ் கிளாஸ்' என்ற பிரிவில் நிற்கப் போகிறீர்கள் என்றால், அங்கே ரைஃபிளும் ஸ்கோப்பும் சேர்ந்த விலைக்கு உச்சவரம்பு உண்டு. அவ்வப்போது மாற்றுகிறார்கள், அந்த ஆண்டு விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அவசரம் இல்லையென்றால் நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே வரை பொறுங்கள். ஏலத் தளங்களில் பாதி விலைக்குக் கிடைக்கும் லூபோல்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். போலிகள் சுற்றுகின்றன, அந்த நிறுவனமே எச்சரித்திருக்கிறது. போலிக்கு வாரண்டி கிடையாது.

7. தாள்கள்

ஸ்கோப் துப்பாக்கி அல்ல. அமெரிக்காவில் அதை வாங்கப் பின்னணிச் சோதனையோ படிவமோ வேண்டாம். வீட்டுக்கே அஞ்சலில் வரும். தாள்கள் எல்லாம் ரைஃபிளுக்குத்தான். உரிமம் பெற்ற கடையில் 4473 படிவம் (துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் கூட்டாட்சிப் படிவம்), தற்போதைய முகவரியோடு அரசு அடையாள அட்டை, நீண்ட துப்பாக்கிக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி 18 வயது. சோதனை 'தாமதம்' என்று வந்தால் மூன்று வேலைநாள். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 10 வேலைநாள் வரை போகலாம். மாநில விதி தனி: இல்லினாயில் ஃபாய்டு அட்டை (துப்பாக்கி வைத்திருப்பவர் அடையாள அட்டை), நியூஜெர்சியில் வாங்குபவர் அடையாள அட்டை.

எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். குடியேற்றமல்லாத விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கடையில் அதன் நகலைப் படிவத்தோடு இணைப்பார்கள். உரிமம் ஆண்டுக்கு ஆண்டு காலாவதியாகும்; அன்றைக்கே விதிவிலக்கும் போய்விடும், ரைஃபிள் மட்டும் உங்கள் அலமாரியில் இருக்கும். ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் இதே விதிக்குள்தான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. படிவத்தில் ஏ-நம்பர் கேட்பார்கள். குடியேற்ற விஷயத்தில் சிக்கல் வந்தால் எளிதில் தீராது. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஊருக்குப் போகும்போது மாமாவுக்கு ஒரு ஸ்கோப் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். துப்பாக்கி ஸ்கோப்கள் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 0ஏ504 என்ற பிரிவில் வருகின்றன. பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்தாலும் அது ஏற்றுமதிதான்.

ரசீதையும் வரிசை எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். வோர்டெக்ஸ், லூபோல்ட் இரண்டும் ரசீது இல்லாமலேயே ஆயுள் வாரண்டி தருபவை, இரண்டாம் கை வாங்கியவருக்கும் சேர்த்து. மற்ற நிறுவனங்களில் பதிவு செய்யக் காலக்கெடு இருக்கலாம்.

8. மாட்டுவதற்கு முன் ஒரு மாலை

ரிங் தடம் விழுந்த ஸ்கோப்பைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே முதலில் கையில் பிடித்துச் சோதியுங்கள். அந்தி நேரத்தில் வெளியே நின்று, தெருக்கோடியில் உள்ள பலகையைப் படியுங்கள். விளிம்புவரை தெளிவாக இருக்கிறதா? டரட்டை முழுக்க ஒரு சுற்றுத் திருப்புங்கள். கிளிக் எங்காவது மழுங்குகிறதா? உருப்பெருக்கத்தை ஏற்றி இறக்கும்போது கம்பி துள்ளுகிறதா? ஏதாவது சரியில்லை என்று பட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

9. மாட்டுதல்

ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பேஸ், துளைகள், திருகுகள் எல்லாவற்றிலும் உள்ள எண்ணெயை ஆல்கஹாலால் துடையுங்கள். நீலநிறத் திருகுப் பசை பேஸ் திருகுகளுக்கு மட்டும், ஒரு சொட்டு. ரிங் மூடித் திருகுகளுக்குப் போட வேண்டாம். பசை வழுவழுப்பாக்குவதால் அளவுக்கு மேல் இறுகிக் குழாய் நசுங்கும்.

10/22இன் ரிசீவர் அலுமினியம். கைபலத்தால் இறுக்கினால் மரை உருண்டுவிடும். பேஸ் திருகுகளுக்குப் பேஸ் தயாரித்தவர் சொன்ன அளவு, ரிங் மூடிகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்ட். பேஸ் மாட்டியதும் போல்ட்டை இழுத்துப் பாருங்கள். உரசினால் ஏதோ ஒரு திருகு நீளம்.

கண் தூரம் அடுத்து. .22இல் உதை இல்லாததால் புருவம் கிழியும் பயமில்லை. 3 முதல் 3.5 அங்குலம் போதும். ஆனால் உச்ச உருப்பெருக்கத்தில் வைத்து, நீங்கள் உண்மையில் சுடுகிற நிலையில் படுத்தோ உட்கார்ந்தோ பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை வையுங்கள், திறங்கள். முழு வட்டம் தெரிய வேண்டும்.

கம்பி நேராக நிற்க, 25 கெஜத்தில் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அதோடு செங்குத்துக் கம்பியைப் பொருத்துங்கள். ரைஃபிள் ரசமட்டத்தில் இருக்க வேண்டும். 50 கெஜத்தில் சாய்வு தெரியாது. 200 கெஜத்தில் 3 டிகிரி சாய்ந்தால் பக்கவாட்டில் 4 அங்குலம் வரை போகும். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரிங்கின் இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். இறுக்கும்போது ஸ்கோப் மெதுவாக ஒரு பக்கம் சுழலும். முடித்த பிறகு இன்னொரு முறை நூலைப் பாருங்கள்.

10. ஜீரோ

எந்தத் தோட்டா என்று முதலில் முடிவு செய்யுங்கள். .22கள் தோட்டா விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கும். ஒன்றில் அரை அங்குலக் குரூப் (குண்டுகள் விழுந்த கூட்டத்தின் அளவு), இன்னொன்றில் ஒன்றரை அங்குலம். தோட்டா வகை மாற்றினால் 10 முதல் 20 குண்டு சுட்டுவிட்டுத்தான் குரூப்பை நம்ப வேண்டும், பழைய மெழுகு குழலில் இருக்கும்.

போல்ட் ரைஃபிள் என்றால் போல்ட்டைக் கழற்றி, குழல் வழியே 25 கெஜ இலக்கை நடுவில் வைத்துக்கொண்டு கம்பியை அங்கே கொண்டுவாருங்கள். பெரும்பாலான 10/22களில் பின்னாலிருந்து குழலைப் பார்க்க வழியில்லை. 25 கெஜத்தில் பெரிய தாள் ஒன்றைக் கட்டிச் சுடுங்கள். கால் எம்ஓஏ கிளிக் என்றால் 25 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்கு 16 கிளிக், 50இல் 8, 100இல் 4. 0.1 மில் என்றால் 25இல் 11, 50இல் 5 அல்லது 6. டரட்டில் உள்ள அம்புக்குறி குண்டு போகும் திசை, கம்பி போகும் திசை அல்ல. ஒரு குண்டு சுட்டுவிட்டுத் திருப்பாதீர்கள். ஐந்து குண்டு, அதன் நடுப்புள்ளி, பிறகு திருப்புங்கள்.

25இல் சரியானதும் 50க்குப் போய் முடியுங்கள். 50இல் ஜீரோ செய்தால் 25இல் கால் அங்குலம் மேலே, 10 கெஜத்தில் அரை அங்குலத்துக்கு மேல் கீழே அடிக்கும். அது தவறல்ல, ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே உட்கார்ந்திருப்பதால் வருவது. கடைசியாகப் பெட்டிச் சோதனை: ஒரே புள்ளியைக் குறிபார்த்துக்கொண்டு, 20 கிளிக் மேல், 20 வலம், 20 கீழ், 20 இடம் என்று ஒவ்வொரு மூலையிலும் மூன்று குண்டு. கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேல் விழ வேண்டும்.

பக்கவாட்டில் டரட் முழுக்கத் திருப்பியும் போதவில்லை என்றால் ஸ்கோப்பைக் குறை சொல்லாதீர்கள், பேஸ் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஜீரோ நாளுக்கு நாள் அலைகிறது என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: ரிங், பேஸ் திருகுகள்; ரைஃபிள் கட்டையின் திருகுகள்; தோட்டா பெட்டியின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறியிருக்கிறதா; வெயில் காலத்தில் ஜீரோ செய்து குளிரில் சுடுகிறீர்களா (குளிரில் குண்டு வேகம் குறைந்து கீழே இறங்கும்). திருகுத் தலையிலும் ரிங்கிலும் சேர்த்து வெள்ளை மையால் ஒரு கோடு போட்டு வைத்தால் தளர்ந்தது உடனே தெரியும். எல்லாம் சரியாக இருந்தும் அலைந்தால், நன்றாக வேலை செய்யும் வேறொரு ரைஃபிளின் ஸ்கோப்பைக் கழற்றி இதில் மாட்டிப் பத்துக் குண்டு சுடுங்கள். அது நிலையாக நின்றால், உங்களுடையதைப் பெட்டியில் போட்டு வாரண்டிக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது ரிங்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அது திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.